அத்தை ஊன்றிய கால்

ஏரி உடைத்துக்கொண்டு மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையெல்லாம் மணல் மூடிய மழை உங்களுக்கு நினைவிருக்கும். பஞ்சாயத்து ஆபீசில் முதல் டிவி பெட்டி வைத்ததும் அந்த வருஷந்தான். படம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஊரே போய் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும். சரி, அது வேறு கதை. அந்த மழையில் சாய்ந்த பனை ஒன்று எங்கள் பம்ப் செட்டு வாய்க்காலுக்குக் குறுக்கே கிடந்தது. மறு கோடையில் என் மாமா குஸ்தி பழகியது அதன்மேல்தான்.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. திருவக்கரைக்குப் பக்கத்து ஊர்த் திருவிழாவில் வருஷா வருஷம் குஸ்தி நடக்கும். முந்தின வருஷம் பாண்டிச்சேரிப் பக்கத்துப் பயில்வான் ஒருவன் மாமாவின் இடது காலில் கொக்கி போட்டு, கண்மூடித் திறப்பதற்குள் மல்லாக்கச் சாய்த்துவிட்டான். அப்புறம் டீக்கடைக்குப் போனால்கூட, "எடது காலு எப்டி கீது பயில்வான்?" என்றுதான் கேட்டார்கள். இந்தத் தடவையும் விழுந்தால் கோதாவில் இறங்குவதே இல்லை, ஊரை விட்டு மில் வேலைக்குப் போய்விடுவேன் என்று மாமா சொல்லிவிட்டார்.

விடிந்ததும் தண்டால், பஸ்கி. எண்ணுவது நான். பள்ளிக்கூடம் போகாத எனக்கு இருபதுக்கு மேல் எண்ண வராது. இருபது வந்ததும் மறுபடி ஒன்று. மாமா எத்தனை எடுத்தார் என்பது கடவுளுக்குத்தான் தெரியும்.

கால் நிலைக்கப் பழகுவதற்கு எதிரில் ஆள் வேண்டும். ஊர்ப் பையன்களைக் கூப்பிட்டால் சேதி பாண்டிச்சேரிக்குப் போய்விடும். அதனால் பெண்சாதியையே கூப்பிட்டார். அத்தைக்கு நாற்று நட்டு, நெல் குத்தி இறுகின உடம்பு. இருவரும் பனைமேல் எதிரெதிரே ஒற்றைக் காலில் நின்று, மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொள்வார்கள். தூக்கிய காலை யார் ஊன்றினாலும் தோல்வி. அத்தை புடவையை வரிந்து கட்டிக்கொண்டு வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டி இழுப்பாள். மாமா வாய்க்கால் சேற்றில் கிடப்பார்.

"இன்னாய்யா, மீனு புடிக்கிறியா?" என்பாள்.

மாமா மறுபடி ஏறுவார். நாளாக நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. பெண்சாதியையே சாய்க்க முடியாதவன் பயில்வானை எங்கே சாய்ப்பது என்று என் அம்மாவிடம் முனகினாராம்.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது அத்தை தோற்றாள். மறுநாளும் தோற்றாள். அப்புறம் தினமும் தோற்றாள். மாமா நெஞ்சை நிமிர்த்தி நடந்தார், இரண்டு ஆள் சோறு தின்றார். நான் மட்டும் பார்த்துவிட்டேன். மாமா இழுப்பதற்கு முன்பே அத்தையின் கால் மெல்ல, பூனைக்கால் போல, பனைமேல் இறங்கிவிடும்.

எனக்குக் கோபம். ஆட்டத்தில் ஏமாற்று ஏமாற்றுதானே. திருவிழா அன்று காலை மாமா எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிடுவதென்று போனேன். அத்தை என் கையைப் பிடித்து மாட்டுக்கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"வாய தொறந்தீன்னா மாமனுக்குக் காலு நிக்காதுடா."

"நீ ஏன் வேணும்னே கால ஊனிக்கினு இருக்கிற?"

அத்தை மாட்டுக்கு ஒரு கை வைக்கோல் அள்ளிப் போட்டாள். "நான் இப்ப வழுக்கி உழக் கூடாதுடா. அதுக்கும்தான். உங்க மாமன்கிட்ட இன்னும் சொல்லல. ஜெயிச்சிட்டு வரட்டும்."

புடவையில் சேறு படும் என்று பயப்படுகிறாள், இதை மாமாவிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன்.

கோதாவில் அதே பயில்வான். அதே இடது காலுக்குத்தான் வந்தான். மூன்று தடவை கொக்கி போட்டான். கால் அசையவில்லை. நாலாவது தடவை மாமா அவனைச் சுற்றித் தூக்கி முதுகு மண்ணில் படப் போட்டார். சிலம்பக்காரர்களும் மேளக்காரர்களும் மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

வீட்டு வாசலில் மாமா அத்தையிடம், "உன்னையே சாச்சவன்டி நானு. அவன் எம்மாத்திரம்?" என்றார். அத்தை சிரித்துக்கொண்டே அவர் காதில் ஏதோ சொன்னாள். மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், இரண்டு காலும் நிற்காமல். குஸ்தியில் உள்ளடி பட்டுவிட்டது என்று நான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எதற்கென்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது மாமாவும் இல்லை, அத்தையும் இல்லை. அந்த வருஷக் கடைசியில் பிறந்த அவர்கள் பையன் திண்டிவனத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். அப்பா ஜெயித்த கதையை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வானாம். நீங்கள் அந்தப் பக்கம் போகிறவர். என் முட்டி இனி பஸ் ஏறாது. போனால், அவன் அம்மா எத்தனை நாள் தோற்றாள் என்பதையும் அவனிடம் சொல்லிவிடுங்கள்.