பெரிய வெள்ளியன்று மாற்றிய பிக்கப்

எங்கள் ஊர்க் கோயில் பாடகர் குழுவில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவன் நான். கம்பியின் அதிர்வை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பிக்கப் இரண்டும் பழுதாகி, பாட்டுக்கு நடுவே உறுமிக்கொண்டே இருந்தன. புதுசு வாங்கி வைத்திருந்தேன். பெரிய வியாழன் பூசையிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் கோயிலில் வாத்தியம் வாசிக்கமாட்டோம். மாற்றுவதற்கு அதை விட்டால் நாள் கிடைக்காது என்று நினைத்துவிட்டேன்.

பெரிய வெள்ளி மதியம், தலைவலி என்று மனைவியிடம் பொய் சொல்லிவிட்டு, பதினாலு இடத்தில் நின்று செபிக்கிற சிலுவைப்பாதை ஊர்வலத்துக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து பழைய பிக்கப்பைக் கழற்றினேன். புதுசின் ஒயரைச் சால்டர் வைத்துப் பற்றவைக்கும்போது சிலுவைப்பாதைப் பாட்டு தெருவழியே கேட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை.

ஈஸ்டர் பூசையில் கிட்டார் சுத்தமாகப் பேசியது. குழுவில் எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு நற்கருணை வாங்குகிற வரிசையில் நிற்கத்தான் எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது மனைவி, "நற்கருணை வாங்க வரலையே, இன்னுமா தலை வலிக்குது? பதினாலு ஸ்தலத்துலயும் ஒங்களுக்காகத்தாங்க முட்டி போட்டு வேண்டுனேன்" என்றாள். அவளுக்கு மூட்டுவலி உண்டு. அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவள், "கோயில் சாமியார்ட்ட பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கங்க. என் வேண்டுதல நான் பக்கத்து வீட்டு அக்காவுக்குத் திருப்பி விட்டுர்றேன். அவங்களுக்கு நெசமாவே தலைவலி" என்றாள்.

சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.