எலியப்பாவின் பச்சைக் கூண்டுகள்

தண்ணீர்க் குப்பியைக் கவிழ்த்து, முனையில் ஒரு சொட்டு நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கூண்டில் மாட்டுவார். அறுபது கூண்டு, அறுபது சொட்டு. நடுவில் யாராவது கூப்பிட்டால், "இருங்க, புள்ளைங்களுக்குத் தண்ணி வச்சிட்டு வரேன்" என்பார். ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் எலியப்பா. பக்கத்து அறையில் தட்டச்சு செய்யும் எனக்கு எலி என்றாலே குலை நடுங்கும். "அது உங்களுக்குப் பயப்படுது, நீங்க அதுக்குப் பயப்படுறீங்க. யாராவது ஒருத்தர் விட்டுக்குடுங்க" என்று சிரிப்பார்.

அவை ஆட்டிசம் போன்ற குணங்களோடு பிறக்கும் சுண்டெலிகள். மற்ற எலிகளோடு சேராமல், மூலையில் உட்கார்ந்து உடம்பை நக்கியே ரோமத்தை உதிர்த்துக்கொள்ளும். அதை மாற்ற முடியுமா என்று பார்க்க, பாதிக் கூண்டுகளுக்குத் துத்தநாகம் கலந்த தண்ணீர், மீதிக்கு வெறும் தண்ணீர். துத்தநாகம் பச்சைப் பட்டை ஒட்டிய கூண்டுகளுக்கா, மஞ்சளுக்கா என்பது ஆராய்ச்சியை நடத்தும் மேடம் ஒட்டிவைத்த உறைக்குள் இருக்கிறது. வளர்ப்பவருக்குத் தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம்.

எலியப்பாவின் மனம் முதல் வாரமே சாய்ந்துவிட்டது. பச்சைதான் மருந்து என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். வீட்டில் ஏழு வயது மகள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். கதவுக் கீலையே மணிக்கணக்கில் பார்த்திருப்பாள். "மேடம், இந்தத் தண்ணிய பாப்பாவுக்குக் குடுக்கலாமா?" என்று மாதம் ஒருமுறை கேட்பார்.

"எலிக்கே இன்னும் தெரியலண்ணா. குழந்தைக்கு எப்படிச் சொல்றது?" என்பார் மேடம்.

சோதனை நாளில் பச்சைக் கூண்டு எலிகள் புது எலியிடம் தாமாகவே போய் மோந்து பார்த்தன. உறையைப் பிரித்தால், துத்தநாகமும் பச்சைக்குத்தான். நாங்கள் கைதட்டினோம். எலியப்பா மட்டும் வியர்த்துப்போய் நின்றார்.

"மேடம், பச்சைக் கூண்டுப் புள்ளைங்கள நான் தெனமும் கையில வச்சுப் பேசிட்டிருந்தேன். மஞ்சளத் தொடவே இல்ல. தேறினது தண்ணியாலயா, என்னாலயான்னு தெரியல."

ஐந்து மாத வேலை வீண். மேடம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நல்ல வேளை, எலியப்பாவை வேலையை விட்டு அனுப்பவில்லை. "சொல்லாமலே இருந்திருக்கலாமே?" என்று நான் பிறகு கேட்டேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"அப்புறம் அந்தத் தண்ணிய நம்பிக் குடிக்கப்போறது எம் பொண்ணுதானே?" என்றார்.

நேற்று புதுக் குட்டிகள் வந்தன. எல்லாம் முதலிலிருந்து. கூண்டைத் துடைக்க மூடியைத் திறந்தார். ஒரு குட்டி தட்டுத்தடுமாறி வந்து அவர் விரலில் ஏறியது. பேச வாயெடுத்தவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். விரலை மெல்லச் சாய்த்து அதை இறக்கிவிட்டு, மூடியைச் சாத்தினார்.