சத்தம் போடாத கேமரா

என் கேமராவைப் பற்றி யார் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வேன். இருட்டிலும் நன்றாக எடுக்கும், கழுத்தை இறுக்காது, மழைக்குப் பயப்படாது. எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன்.

கிழக்கேகோட்டையில் ஒரு சந்துக்குள் எங்கள் ஸ்டுடியோ. மனைவிதான் அதைப் பார்த்துக்கொள்கிறாள். நான் பாதி நாள் அங்கே இருப்பேன். மீதி நாள் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குச் செய்திப் படம் எடுக்க ஓடுவேன். இதை வாங்குவதற்கு முன் இரண்டு பிழைப்புக்கும் ஒரே கேமரா, அதுவும் கிழடாகியிருந்தது. ஓர் இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றபோது, அது 'டப் டப்' என்று அடித்த அடியில் முன்வரிசை முழுக்கத் திரும்பி முறைத்தது. வீட்டுக்கு வந்ததும், இனி வாங்கினால் சத்தமே போடாத கேமராதான் என்று சொல்லிவிட்டேன்.

"ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னு சொன்னாளாம்," என்றாள் மனைவி. அவளுக்கு வேண்டியது வேறு. கல்யாணப் படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் தெளிவு குறையக் கூடாது. "நீங்க சொல்லுத அந்த சத்தமில்லாத செட்டிங்ல நம்ம ஸ்டுடியோ ஃப்ளாஷ் எரியவே எரியாது. தெரியும்லா?"

தெரியும். ஸ்டுடியோவில் அந்த செட்டிங்கை அணைத்துவிட்டு எடுக்கலாம் என்பதும் தெரியும். ஆனாலும் எது முதலில், கல்யாணமா செய்தியா என்று எங்களுக்குள் இழுபறி ஓயவில்லை. கடைசியில் தம்பானூர் கேமராக் கடைக்காரர்தான் மலையாளம் கலந்த தமிழில் வழி சொன்னார். "ஒரு திவசம் கொண்டு போய் எடுத்து நோக்குங்க. பிடிச்சா வாங்குனா மதி."

அந்த ஒரு நாளில்தான் மலைக்குப் போக நேர்ந்தது. விதுரை தாண்டி ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் இருப்பவர்கள் நம் தமிழ் ஆட்கள். மழையில் சில வீடுகளின் கூரை விழுந்திருந்தது. எந்த வீட்டை முதலில் சரிசெய்வது என்று அதிகாரிகள் இன்னும் முடிவு செய்யவில்லை. பத்திரிகையில் படம் வரும் வீட்டுக்கு முதலில் கூரை வரும் என்று லயமே நம்பிக்கொண்டிருந்தது.

ஒரு வாசலில் நின்று குரல் கொடுத்தேன். உள்ளே என் அக்கா வயதிருக்கும் ஒரு பெண், கிழிந்த நைட்டியை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, குத்தவைத்து, தரையில் தேங்கிய நீரைக் கிண்ணத்தால் அள்ளி வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் பாதி ஓடு, பாதி வானம்.

"பேப்பர்லேருந்தா சார்? ஒரு நிமிசம் நில்லுங்க. சாரி மாத்திட்டு வந்திருதேன். பெறவு எடுங்க."

சரி என்றேன். எழுவதற்கு முன் அவர் இன்னும் இரண்டு கிண்ணம் அள்ளினார். மேலேயிருந்து விழுந்த அந்த வெளிச்சமும் குனிந்த முதுகும்! என் விரல் அழுத்திக்கொண்டே இருந்தது. பழைய கேமராவாக இருந்தால் முதல் 'டப்'பிலேயே நிமிர்ந்திருப்பார், காலை மூடியிருப்பார். இதுவோ மூச்சே விடவில்லை. கேமரா என்றால் இதல்லவா கேமரா என்று மனம் துள்ளியது. வாங்குவதென்று முடிவு செய்தது அங்கேதான், அந்த நொடியில்தான்.

பின்பக்க அறையிலிருந்து தலை வாரி, பொட்டு வைத்து, பச்சைச் சேலையில் வந்து நிமிர்ந்து நின்றார். எடுத்தேன்.

"எடுத்தாச்சா? ஒண்ணும் கேக்கலியே," என்று சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். "காட்டுங்க சார்."

காட்டினேன். நன்றாக வந்திருக்கிறதென்று அவர் சொல்லச் சொல்ல, நானும் உற்சாகத்தில் ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தள்ளினேன். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை மறந்துபோனேன். நைட்டியும் முழங்காலும் திரையில் வந்து நின்றன.

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவரோ அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றேன். எடுத்தது ஒரு வெட்கம் என்றால், எடுக்கும்போது சந்தோஷப்பட்டேனே, அது அதைவிடப் பெரிய வெட்கம்.

"அழிச்சிருதேங்க்கா," என்றேன். அவர் கண்ணெதிரிலேயே நைட்டிப் படங்கள் அத்தனையையும் அழித்தேன்.

அவர் குனிந்து தன் சேலையைப் பார்த்தார். "பேப்பருக்கு அந்தப் படந்தான வேணும்? பச்ச சாரி கட்டிட்டு நின்னா யாரு சார் கூர போட்டுத் தருவா?"

"இல்லக்கா, இதுவே போதும்."

"ஒளிச்சு எடுத்ததுதான் சங்கடம். சொல்லிட்டு எடுத்தா என்ன?"

நான் தடுப்பதற்குள் பின்னறைக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது அதே நைட்டி. பொட்டைத் துடைத்திருந்தார், வாரிய தலையைக் கலைத்திருந்தார். வாளிக்குப் பக்கத்தில் குத்தவைத்தார்; நைட்டியை முழங்காலுக்கு மேல் செருகினார்; கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, சரிபார்த்துச் சொல்லும்படி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்படித்தான சார் இருந்தேன்?"