ஏழாவது நட்டு

மணி காலை 7:20. வெளியே இன்னும் இருட்டுதான். ஒன்பது மணிக்கு என் மகள் தூவா வந்துவிடுவாள். அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும்.

நான் கதை கட்டுகிற ஆள் இல்லை. முப்பத்தைந்து வருடம் பஸ் டெப்போவில் மெக்கானிக். கண்ணால் பார்த்து, கையால் தொட்டால்தான் நம்புவேன். போன வருடம் ஜனவரி கடைசி வெள்ளிக்கிழமை, இதே கராஜில், இதே ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றுதான் பார்த்தேன். தொடவும் தொட்டேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

நானும் என் நண்பன் ஐவாரும் சேர்ந்து பதினோரு வருடம் உழைத்து ஒரு குட்டி விமானம் கட்டினோம். மரச்சட்டம், மேலே துணி. அதற்கு வீடு என் கராஜ்தான். இறக்கைகளைக் கழற்றி, பழைய கம்பளத்தில் தூளி கட்டிச் சுவரோரம் தொங்கவிடுவோம். வாலையும் கழற்றினால்தான் என் கார் உள்ளே நுழையும். ஜனவரியில் ஏரி உறைந்ததும், சக்கரத்துக்குப் பதில் சறுக்குக்கட்டை மாட்டி, பனி ஸ்கூட்டரில் கட்டி ஏரிக்கு இழுத்துப் போவோம். இறக்கைகளை அங்கே வைத்துப் பூட்டுவோம். வாலை மட்டும் முதல் நாளே கராஜில் பூட்டிவிடுவோம்.

வாலுக்கு ஏழு நட்டு. ஆறு நட்டு வாலைப் பிடித்திருக்கும். ஏழாவதுதான் உயிர். ஓட்டுகிறவர் கையிலுள்ள ஸ்டிக்கிலிருந்து ஒரு நீளக் கம்பி வந்து, வால் தட்டை ஏற்றி இறக்கும். அந்தக் கம்பி நுனியில் ஒரு வளையம். வளையத்துக்குள் நுழைந்து பிடிப்பது ஏழாவது போல்ட். அது விட்டுப்போனால், மேலே போன விமானம் சொன்ன பேச்சு கேட்காது.

எங்களிடம் ஒரு முறை உண்டு. முடுக்கியவன் ஒவ்வொரு நட்டிலும் சிவப்புக் கோடு போடுவான். இன்னொருவன் வந்து, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, பக்கத்தில் நீலக் கோடு போடுவான். சிவப்பு நான். நீலம் ஐவார். அவன் மனைவி மைபிரிட் வாங்கிவிட்டுப் பிடிக்காமல் தூக்கிப் போட்ட நெயில் பாலிஷ் அது. மினுமினுப்பு கலந்த நீலம். எல்லாம் பார்த்து முடித்ததும், வால் துணியை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவான்.

டக்... டக்.

சரி, எடுத்துப் போகலாம் என்று அர்த்தம்.

“முதுகுவலியோட எதுக்குடா குனியற? நானே பாத்துக்கறேன்” என்று ஒருமுறை சொன்னேன்.

“நீ முடுக்குனதை நீயே பாத்தா எல்லாம் சரியாத்தான்டா தெரியும். தள்ளு அந்தாண்ட” என்றான்.

அதற்கு முந்தைய அக்டோபரில் ஐவார் போய்விட்டான். மாரடைப்பு. காலையில் என்னோடு காப்பி குடித்தவன், சாயங்காலம் இல்லை.

ஜனவரி வந்தது. சனிக்கிழமை காலை தூவா முதல் முறையாக அதைத் தனியாக ஓட்டப்போகிறாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பனி கொட்டும் என்று வானிலையில் சொன்னார்கள். ஐவாருக்குப் பதில் சரிபார்க்க வருவதாகச் சொன்ன விமான கிளப் ஆள் காய்ச்சலில் படுத்துக்கொண்டு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தூவாவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். என் வேலை எனக்குத் தெரியாதா என்ற திமிர்.

வெள்ளிக்கிழமை மாலை 3:50. ஏழு நட்டும் முடுக்கினேன். ஏழு சிவப்புக் கோடு போட்டேன். ஸ்டிக்கை ஆட்டிப் பார்த்தேன். வால் ஆடியது.

4:05. விமானத்துக்கு அடித்து மீந்த நீலப் பெயின்ட் ஒரு டப்பாவில் இருந்தது. அதை எடுத்து, ஏழு நீலக் கோடும் நானே போட்டேன்.

ஆமாம். நானே போட்டேன். முப்பத்தைந்து வருட அனுபவத்தில் அப்படி ஒரு திருட்டு வேலையை நான் செய்ததே இல்லை.

வீட்டுக்குள் போய்க் காப்பி எடுத்துக்கொண்டு 4:20க்குத் திரும்பினேன். ஆறு நட்டில் நீலக் கோடு இருந்தது. ஏழாவதில் இல்லை.

மறந்திருப்பேன் என்று நினைத்து மறுபடி போட்டேன். ஸ்பேனர்களைத் துடைத்து அடுக்கினேன். மின்சார ஹீட்டர் கிர்ர்... என்று ஓடிக்கொண்டிருந்தது. வெளியே நன்றாக இருட்டிவிட்டது.

4:40. திரும்பிப் பார்த்தேன். ஏழாவதில் நீலம் இல்லை. சிவப்பு அப்படியே இருந்தது. கீழே குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. பெயின்ட் வாசனை இல்லை. நெயில் பாலிஷ் வாசனை...

“யாரு?” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஹீட்டர் நின்றது.

சுவரில் தொங்கிய இடது இறக்கை தூளியோடு மெல்ல ஆடியது. கதவு சாத்தியிருந்தது. காற்றே இல்லை.

மூன்றாவது முறை பிரஷ்ஷை எடுத்தேன். பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். கோட்டைப் போட்டேன். கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் கண்ணெதிரே...

ஈரக் கோடு ஓரத்திலிருந்து தேய்ந்துகொண்டே வந்தது. கட்டை விரலால் துடைப்பது போல. பொறுமையாக.

பிரஷ் கீழே விழுந்தது.

4:52. வால் தட்டு தானாக மேலே எழுந்தது.

இறங்கியது.

மறுபடி எழுந்தது.

வால் ஆடினால் ஸ்டிக்கும் ஆட வேண்டும். இரண்டும் ஒரே கம்பி. கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தேன்.

ஸ்டிக் அசையவே இல்லை.

ஸ்பேனரை எடுத்தேன். ஏழாவதைக் கழற்றினேன். டார்ச் அடித்தேன்.

போல்ட் வளையத்துக்குள் போகவே இல்லை.

பக்கத்தில் போயிருந்தது. நட்டு முடுக்கிய இறுக்கத்தில் வளையம் நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நான் ஆட்டியபோது அந்தப் பிடியில்தான் வால் ஆடியிருக்கிறது. வானத்தில் எத்தனை நிமிடம் தாங்கியிருக்கும்? ஐந்து? பத்து?

என் பிள்ளை. நாளைக் காலை. தனியாக.

தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து, வளையத்துக்குள் போல்ட்டைச் செலுத்தி, முடுக்கி, சிவப்புக் கோடு போட்டேன். நீல டப்பாவைத் தொடவில்லை.

“அப்பா! டாக்கோ ரொட்டி ஆறிப்போவுது! அந்த இரும்பையே கட்டிட்டு அழுவியா?” வீட்டு வாசலிலிருந்து தூவா கத்தினாள்.

“வரேம்மா.”

விளக்கை அணைத்தேன். கதவைப் பூட்டினேன். ஒரே ஒரு சாவி. அது என் சட்டைப்பையில்.

கதவுக்கு அந்தப் பக்கம்...

டக்... டக்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை 8:10க்கு தூவாவோடுதான் கதவைத் திறந்தேன். என் நீலப் பெயின்ட் கோடுகள் ஆறும் சுரண்டி எடுக்கப்பட்டிருந்தன. ஏழு நட்டிலும் புதுக் கோடு. மினுமினுக்கும் நீலம். ஒன்றைத் தொட்டேன். விரலில் ஒட்டியது.

“யாருப்பா வந்தாங்க? கிளப் ஆளுக்குத்தான் காய்ச்சலாச்சே?” என்றாள்.

“நீ ஒருவாட்டி தொட்டுப் பாரு. ஒண்ணு விடாம பாரு” என்றேன். பார்த்தாள். ஏரிக்குப் போனோம். இருபது நிமிடம் பறந்தாள். இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவளை விடவே எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் மைபிரிட் வீட்டுக்குப் போனேன். அவள் காப்பி ஊற்றும்வரை காத்திருந்து, மெதுவாகக் கேட்டேன்.

“அந்த நீல பாட்டில் உங்கிட்ட இருக்கா? யாருக்காவது குடுத்தியா?”

அவள் கை அப்படியே நின்றது.

“எதுக்குக் கேக்கற, ஹில்டிங்?”

“சும்மாதான்.”

“பெட்டியை மூடறதுக்கு முன்னால அவர் சட்டைப்பையில வெச்சேன். பாட்டில் எங்க போச்சு, யார் எடுத்தாங்கனு எல்லாரையும் சந்தேகப்பட்டுட்டே இருப்பாரு, அதான். மண்ணுக்குள்ள இருக்கு.”

காப்பியைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

இந்த வருடமும் ஏரி உறைந்துவிட்டது. நேற்று மாலை வாலைப் பூட்டி, சிவப்புக் கோடு போட்டேன். நீலம் தூவா கொண்டுவந்து, பார்த்துப் போட வேண்டியது. அந்த நீலப் பெயின்ட் டப்பாவையே நான் தூக்கி எறிந்து ஒரு வருடம் ஆகிறது.

இன்று காலை 6:50க்குக் கதவைத் திறந்தேன். அதே வாசனை.

ஆறு நட்டில் நீலக் கோடு.

ஏழாவதில் இல்லை.

கழற்றினேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். பூட்டினேன். மூன்று முறை. காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன். ஏழாவதில் நீலம் வரவில்லை. அந்த இரண்டு தட்டும் கேட்கவில்லை.

மணி 8:55. வாசலில் ஸ்கூட்டர் சத்தம். தூவா வந்துவிட்டாள்.

நானும் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டேன். என் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது.