ரஞ்சினி அக்காவின் மலை

எனக்குக் கோபம் வந்தால் வாய் ஓயாது. ரஞ்சினி அக்காவுக்குக் கோபம் வந்தால் வாய் திறக்கவே திறக்காது. ஞாயிறு தவறாமல் சைக்கிளில் அவர் பின்னால் போகிறவள் நான். அந்த முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவேன். தோள் இறுகிவிட்டால் அன்றைக்குப் பேச்சுக் கொடுக்காமல் மிதிப்பது நல்லது.

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. யாழ்ப்பாணத்துக்காரர். வென்ட்வொர்த்வில் என்ற புறநகரில் வீடு, முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. பிள்ளைகள் இருவரும் வேலை கிடைத்து மெல்பர்ன் போன பிறகுதான் தனக்கென்று ஒரு பழைய ரோடு சைக்கிள் வாங்கினார். "இந்த வயசில இதென்ன விசர் வேலை" என்று அவர் கணவர் மகேந்திரராஜா அன்று தொடங்கிய முனகலை இன்னும் நிறுத்தவில்லை. அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்வதும் இல்லை. அக்குனா பே மலைச்சாலை ஏற்றத்தில் எங்கள் குழு ஆண்கள் பலர் இறங்கித் தள்ளுவார்கள். அக்கா தள்ளி நான் பார்த்ததில்லை. தமிழர் சைக்கிள் குழு என்று பெயர். அதில் பெண்கள் அக்காவும் மதுரைக்காரி கலாவாகிய நானும் மட்டும்தான்.

இத்தாலி யோசனை முழுக்க முழுக்க அக்காவுடையது. டஸ்கனியில் பியென்சா என்ற சின்ன ஊரில் தங்கி, அங்கிருந்து அமியாட்டா மலை உச்சிக்கு ஏறி, வேறு வழியாக இறங்கித் திரும்பும் ஒரு நாள் சுற்று. குளிர்காலம் முழுவதும் சமையலறை மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அந்த வீதிகளின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எந்த வளைவு செங்குத்து, எங்கே தார் முடிந்து வெள்ளைச் சரளை தொடங்குகிறது, எந்த ஊர்ச் சதுக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது, மத்தியானம் எந்தக் கடை பூட்டிக் கிடக்கும், எல்லாம் அவருக்குத் தெரியும். வெயில் ஏறுவதற்குள் மலையை முடிக்க வேண்டும் என்று, போட்டு முடித்த சுற்றை அப்படியே திருப்பி மறுபடி போட்டார்.

"கடைசி ஏத்தத்த மட்டும் விட்டுடலாமேக்கா. என் முட்டி பாவம்" என்றேன்.

"உமக்கு ஏலாட்டி நீர் விடும். நான் விடமாட்டன்."

போன மாதம் ஆரூரன் வீட்டில் கூட்டம். குழுவுக்குத் தன்னைத்தானே தலைவராக்கிக்கொண்ட மனிதர் அவர். வடை, தேநீர் எல்லாம் ஆன பிறகு பெரிய டிவியில் வரைபடத்தைப் போட்டார். அக்கா போட்ட அதே சுற்று, ஆனால் மலையைக் காணோம். சிவப்புக் கோடு மலையடிவாரத்தைத் தொட்டுவிட்டு, பள்ளத்தாக்கு வழியாகச் சமத்தாகத் திரும்பி வந்தது. பக்கத்திலேயே நீலத்தில் இன்னொரு கோடு. அது மட்டும் உச்சிக்குப் போனது.

"ரூட் போட்டது எங்கட ரஞ்சினி அக்கா" என்றார் ஆரூரன். எல்லாரும் கைதட்டினார்கள். "அக்காவைக் கஷ்டப்படுத்தக் கூடாது எண்டு சின்ன மாற்றம் ஒண்டு செய்திருக்கிறம். பெடியள் மலைக்குப் போவினம். அக்காவும் கலாவும் கீழ்ப் பாதையால வந்து, வான் வண்டியில சாப்பாட்டோட நிண்டால் காணும். ரைஸ் குக்கர் நான் கொண்டு வாறன்."

பெடியளாம். ஒவ்வொருவருக்கும் தொந்தி சைக்கிள் கைப்பிடியில் இடிக்கிறது.

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?" என்றேன்.

"அண்ணையைக் கேட்டனாங்கள்தானே. அவர் ஓம் எண்டவர்."

எவ்வளவு மரியாதையாகச் சொன்னார் தெரியுமா! அக்காவின் உழைப்பை எடுத்து, அக்காவின் மலையை வெட்டி, அதற்கு அக்காவின் கணவரிடம் அனுமதியும் வாங்கியிருக்கிறார்கள். அதையும் நல்ல மனதோடு செய்திருக்கிறார்கள், அதுதான் கொடுமை. கெட்ட எண்ணம் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டு எழுந்து போகலாம். நான் திட்டத்தான் வாயெடுத்தேன். அக்கா என் கையை அழுத்திப் பிடித்தார்.

மகேந்திரராஜா அங்கிள் மூலை நாற்காலியில் இருந்து தொண்டையைச் செருமினார். "உம்மட நல்லதுக்குத்தான் சொன்னனான். அந்த மலையில உமக்கு ஏதும் நடந்தால் ஆர் பாக்கிறது?"

அக்கா எழுந்தார். குரல் உயரவில்லை.

"அப்பாவுக்குச் சுகமில்லாமல் போனபோது சண்டைக்குள்ள அவரைச் சைக்கிள் கரியரில இருத்தி, வள்ளம் ஏத்தக் கிளாலித் துறை வரைக்கும் ஓடினனான். எனக்கு இருபத்தொரு வயசு. மேல ஆமியின்ர ஹெலி சுத்துது. அண்டைக்கு ஒருத்தரும் பிள்ளைக்கு ஏலாது எண்டு சொல்லேல்லை. இங்க வந்தும் ரெண்டு வேலை செய்தனான். அப்பவும் ஒருத்தரும் சொல்லேல்லை. முதல்முதலா எனக்கு ஆசையான இடத்துக்குப் போகப் போறன் எண்டவுடனதான் எல்லாருக்கும் என்ர உடம்பில அக்கறை வருது."

அங்கிளைப் பார்த்தேன். அத்தனை வருடம் கூட வாழ்ந்த மனிதருக்குக் கிளாலிக் கதை புதிது என்று அவர் முகமே சொன்னது.

"தம்பி, சிவப்புக் கோட்டை அழியுங்கோ" என்றார் அக்கா. ஆரூரன் அழித்தார். திரையில் உச்சிக்குப் போகும் கோடு மட்டும் மிஞ்சியது.

திரும்பும்போது என் காரில் மூவரும் வந்தோம். பின் சீட்டில் இருந்த அங்கிள் மெதுவாகக் கேட்டார். "நானும் வரட்டே, ரஞ்சினி? வானை நான் ஓடுறன்."

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆரூரனைக் கேளுங்கோ. நீங்கள் ரெண்டு பேரும்தானே கதைச்சு முடிவெடுக்கிறனீங்கள்."