ஆயிரத்து இருநூற்று ஒரு ரூபாய்

என் அக்கா அனுப்பும் பணத்தை, அது அவள் பணம் என்று தெரிந்தே, மூன்று வருடமாக வாங்கிக்கொண்டிருக்கிறேன். தெரியாதவள் போல நடித்துக்கொண்டும் இருக்கிறேன்.

இதுதான் என் குற்றம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் எழுந்து போனாலும் சரி, உட்கார்ந்து கேட்டாலும் சரி.

நான் வசந்தா. மேற்கு மாம்பலத்தில், ரயில் நிலையத்துக்குப் போகும் சந்து ஒன்றில் தோசைமாவுக் கடை வைத்திருக்கிறேன். கடை என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துவிடாதீர்கள்... ஒரு கிரைண்டர், ஒரு பழைய ஃபிரிட்ஜ், ஒரு ஸ்டூல், அவ்வளவுதான். மாவாட்டுகிறவள் இவ்வளவு இலக்கணமாகப் பேசுகிறாளே என்று சிரிக்கவும் வேண்டாம். கிரைண்டர் ஓடும் நேரமெல்லாம் நூலகத்துப் புத்தகம்தான் எனக்குத் துணை. வாய் மட்டும் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. அது பிறவியிலேயே நீளம்.

அந்த நீள வாயால்தான் எல்லாம் வந்தது.

எட்டு வருடத்துக்கு முன்னால் வடபழனியில் என் அக்கா புஷ்பவல்லியின் மகள் மாலினிக்குக் கல்யாணம். என் வீட்டுக்காரர் தவறிப் பத்து மாதம்தான் ஆகியிருந்தது. பெண்ணுக்கு நலங்கு வைக்கும் நேரம், வரிசையில் நானும் நின்றேன். நான் தூக்கி வளர்த்த குழந்தை அல்லவா அது! சந்தனத்தை விரலில் தொட்டு எடுத்தும்விட்டேன். மாப்பிள்ளையின் அத்தை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்கம்மா..."

மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கோ மண்டபம் முழுக்கக் கேட்டது போல இருந்தது. அக்காவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒரு வார்த்தை! "அவ என் தங்கச்சி, வெக்கட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? பெண்ணைப் பெற்றவள், சம்பந்தி வீட்டார் முன்னால் பயந்துவிட்டாள் என்று இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லையே! சந்தனத்தைப் புடவையிலேயே துடைத்தேன். "இனிமே உன் வாசப்படிய மிதிச்சேன்னா ஏன்னு கேளு! உன் காசு ஒரு பைசா என் கையில பட்டா நான் மனுஷியே இல்ல!" என்று கத்திவிட்டு, மொய் எழுத வைத்திருந்த ஐந்நூற்று ஒரு ரூபாய்க் கவரோடு பஸ் டிப்போ வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன்.

அந்தக் கவர் இன்னமும் என் பீரோவில் இருக்கிறது.

அதற்கு நாலு வருடம் கழித்துத்தான் இந்தக் கடை. முதல் வருடம் பட்ட பாடு கொஞ்சமா? எங்கள் சந்தில் வருகிறவர்கள் எல்லாம் மின்சார ரயிலுக்கு ஓடுகிற சின்னப் பிள்ளைகள். "ஸ்கேனர் இருக்கா ஆன்ட்டி?" என்பார்கள். "காசு இருக்காப்பா?" என்பேன் நான். "இல்லையே ஆன்ட்டி" என்று அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். போனில் வரும் பணத்தை நம்ப எனக்குப் பயம். கண்ணால் பார்க்காத பணம் என்ன பணம்? இப்படி வீறாப்புப் பேசியே, புளித்த மாவைச் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தேன். அந்த மாதத்தோடு கடையை மூடிவிடுவது என்று முடிவுகூடச் செய்தாயிற்று.

கடைசி முயற்சியாக, போனில் பணம் வாங்கும் வசதி செய்துகொடுக்கும் கம்பெனிப் பெண் ஒருத்தியை வரவழைத்தேன். அவள் வந்து சுவரில் ஸ்கேன் செய்யும் அட்டையை ஒட்டி, மேஜைமேல் ஒரு குட்டிப் பெட்டியை வைத்து, தன் போனிலிருந்து ஒரு ரூபாய் அனுப்பிச் சரிபார்த்தாள். "ஒரு ரூபாய் பெறப்பட்டது" என்றது பெட்டி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்கா இவ்வளவு பயந்தேன்! அந்தப் பெண்ணுக்கும் அந்தப் பெட்டிக்கும் நான் எந்நாளும் கடன்பட்டவள்.

அந்த வாரமே சனிக்கிழமை, தஸ்தகீர் பாய் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதற்குமுன் அவரை நான் பார்த்ததில்லை.

"யக்கா, முப்பது பாக்கெட் கட்டு. வடபழனில ஒரு மெஸ்ஸு கீது, ஷூட்டிங் ஆளுங்க துன்றது. ஓனரம்மா ஊட்லேர்ந்தே துட்டு போட்டுருவாங்கோ."

சுவரில் இருந்த அட்டையைப் படம் எடுத்து அனுப்பினார். பிறகு பெட்டியைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இந்தப் பொட்டி துட்டு மட்டும்தான சொல்லும்? பேரு கீரு சொல்லாதுல்ல?"

"சொல்லாது பாய்" என்றேன்.

அவர் போனில் யாரிடமோ, "சொல்லாதாம்மா" என்றார். அவ்வளவு நிம்மதி அந்தக் குரலில்!

பெட்டி பேசியது. "ஆயிரத்து இருநூற்று ஒரு ரூபாய் பெறப்பட்டது."

ஒரு பாக்கெட் நாற்பது ரூபாய். கணக்குக்கு ஆயிரத்து இருநூறுதான் வரவேண்டும். ஒரு ரூபாய் எதற்கு? போனை எடுத்துப் பார்த்தேன்.

பெட்டி பெயர் சொல்லாதுதான். போன் சொல்லுமே! புஷ்பவல்லி என்று ஆங்கிலத்தில், எங்கள் அப்பாவின் இனிஷியலோடு. பக்கத்தில் சின்ன வட்டத்துக்குள் முகம். பெரிய குங்குமம், இரண்டு பக்கமும் மூக்குத்தி... அக்கா! ஆட்டோக்காரரை ஏற்பாடு செய்து, இல்லாத மெஸ்ஸை உண்டாக்கி, பெட்டியைக்கூட விசாரித்துவிட்டு, கடைசியில் தன் போனிலிருந்தே அனுப்பியிருக்கிறாள் என் அசட்டு அக்கா! அந்த ஒரு ரூபாயும் அப்போது விளங்கிவிட்டது. மொய் எழுதினாலும் சீர் வைத்தாலும் மொட்டையாகக் கொடுக்க அவளுக்கு மனசு வராது. எப்போதும் ஒரு ரூபாய் சேர்த்துத்தான் வைப்பாள். மாவு வாங்கும்போதும் எனக்குச் சீர் வைத்திருக்கிறாள்.

அந்த நிமிடம் நான் என்ன செய்திருக்க வேண்டும்? பணத்தைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அல்லது "அக்கா" என்று கூப்பிட்டு ஒரு பாட்டம் அழுதிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று! நான் இரண்டையும் செய்யவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"வந்துச்சாக்கா?"

"வந்துடுச்சு பாய். ஒரு ரூபா கூட வந்திருக்கு, பாவம், கை தவறிடுச்சு போல. மெஸ்காரம்மாவுக்கு நன்றி சொல்லுங்க" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! அன்று மாலை முழுக்க எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். உன் காசு என் கையில் படாது என்றுதானே சபதம் செய்தேன்? இது கையில் படவே இல்லையே! நேரே வங்கிக்கல்லவா போகிறது! நீதிபதியும் நானே என்பதால் வழக்கில் வெற்றி பெற்றேன்.

கடையை மூடவில்லை. அந்த முப்பது பாக்கெட்தான் வாடகையைக் காப்பாற்றியது. பிறகு மெல்ல மெல்லச் சந்துக்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அவள் வாங்காவிட்டாலும் கடை நடக்கும். இருந்தும் சனிக்கிழமை தவறாமல் ஆட்டோ வருகிறது. அந்த ஒரு ரூபாயும் தவறாமல் வருகிறது. அவள் வீட்டில் இருப்பதே மூன்று பேர். முப்பது பாக்கெட் மாவை வைத்து என்ன செய்வாள்? அதில் குளிப்பாளா? தெருவில் வீடு வீடாகக் கொடுக்கிறாளாம். பாய் ஒருநாள் வாய்தவறி உளறினார். நான் காதில் விழாதது போல மாவைக் கட்டினேன்.

நன்றி இல்லையா உனக்கு என்று கேட்கிறீர்கள். இருக்கிறது ஐயா! நெஞ்சு நிறைய இருக்கிறது. சனிக்கிழமை மாவுக்குத் தனியாக வெந்தயம் ஊறவைத்து அரைக்கிறேன். அக்காவுக்கு வெந்தய தோசை என்றால் உயிர். முப்பதோடு ஒன்று கொசுறாகவும் போடுகிறேன். ஆனால் வெந்தயம் வாய் திறந்து பேசுமா? பேச வேண்டியவள் நான்தானே!

பேசவும் பேசினேன்... வேறு விதமாக. அதைச் சொல்லத்தான் நாக்கு கூசுகிறது.

போன வருடம் அடையாறில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம். சாப்பாட்டுப் பந்தியில் ஒருத்தி, "தனியா எப்படிடி சமாளிக்கிற வசந்தா?" என்று கேட்டாள். எனக்கு அந்த அனுதாபம் இனித்தது. "யார் இருக்கா எனக்கு? கூடப் பொறந்தவளே செத்தியா பொழைச்சியான்னு ஒரு வார்த்தை கேக்கல. அவ்ளோ கல் நெஞ்சு!" என்றேன். முந்தின நாள்தான் சனிக்கிழமை. அவள் போட்ட பணத்தில் வாங்கிய செருப்பு வாசலில் புதுசாகக் கிடந்தது.

திரும்பினால், பின்னால் மாலினி நின்றாள். இடுப்பில் குழந்தை. கேட்டுவிட்டாள்! அம்மாவின் போனில் பணம் அனுப்பும் வசதியெல்லாம் போட்டுக்கொடுத்ததே அவளாகத்தான் இருக்க வேண்டும். நான் சொன்னது பொய்யென்று அவளுக்குத் தெரியாதா?

அவள் சண்டை போடவில்லை. என் இலையைப் பார்த்தாள். "சித்தி, பாயசம் வரலையே உங்களுக்கு" என்றாள். தானே போய்க் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு நகர்ந்தாள். நான் சந்தனம் வைக்காமல் விட்டு வந்த பெண் அது!

அடுத்த சனிக்கிழமை ஆட்டோ வராது என்று நினைத்தேன். வரக்கூடாது என்றுகூட வேண்டிக்கொண்டேன். வராமல் இருந்தால் நாங்கள் சரிக்குச் சரி ஆகிவிடுவோமே! வந்தது. பெட்டி அதே தொகையை அதே குரலில் சொன்னது. தலையைத் தூக்க முடியவில்லை எனக்கு.

இது நடந்து மாதங்கள் ஓடிவிட்டன. போன சனிக்கிழமை, பெட்டி வழக்கம்போல ஆயிரத்து இருநூற்று ஒரு ரூபாய் என்றது. போனைப் பார்த்தேன். அக்காவின் பெயர் இல்லை. மாலினி என்று இருந்தது.

"பாய்... மெஸ்காரம்மா நல்லா இருக்காங்கல்ல?" என்று கேட்டேன்.

"கண்ணு ஆபரேசன்க்கா. கட்டு போட்டுக்கினு கீறாங்கோ. போனு பாக்கக் கூடாதுன்ட்டாரு டாக்டரு. அத்தான் பாப்பா போட்டுச்சு. படுத்துக்கினே நாலு தபா சொன்னாங்களாம், அந்த ஒரு ரூபாய மறந்துடாதடின்னு."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். என் முகத்தையே பார்த்தார். அவருக்கும் எல்லாம் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் தெரிந்திருக்கும். நான் ஆட்டோவில் ஏறியிருந்தால் கால் மணி நேரத்தில் வடபழனி. ஏறினேனா?

"நல்லா பாத்துக்கச் சொல்லுங்க பாய், மெஸ்காரம்மாவ" என்றேன்.

மெஸ்காரம்மா! என் வாயில் அக்கா என்ற சொல் வரவில்லை. கண்கட்டோடு படுத்திருக்கிறவள் என் ஒரு ரூபாயை நினைக்கிறாள், நானோ என் பொய்யைக் காப்பாற்றுகிறேன்... நான் என்ன ஜென்மம்?

பீரோவைத் திறந்து அந்தக் கவரை எடுத்தேன். அதைக் கொண்டுபோய் நீட்டத் துணிவில்லை. போனில் மாலினியின் பெயரைத் தொட்டு ஐந்நூற்று ஒன்று என்று எழுதினேன். எட்டு வருடம் தாமதமான மொய். ரகசிய எண்ணைக் கேட்டது. நாலே நாலு எண்கள். அழுத்தினால் அங்கே என் பெயர் போய் நிற்கும். சித்தியும் இத்தனை நாள் இப்படித்தான் அம்மாவின் பெயரைப் பார்த்திருக்கிறாள் என்று அவளுக்கு ஐயமே இல்லாமல் தெரிந்துவிடும். பார்த்துக்கொண்டே அடையாறில் அப்படிப் பேசினாள் என்பதும்.

அழுத்தவில்லை. இந்த வாரத்தில் ஐந்து முறை எழுதி ஐந்து முறையும் அழித்துவிட்டேன்.

அக்கா, நீ எனக்குக் கொடுத்தது சாதாரண வாழ்வல்ல. அதை உன்னிடம் சொல்லாமல், முன்பின் தெரியாத இவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் பார்!

நாளை சனிக்கிழமை. வெந்தயம் ஊறப் போட்டிருக்கிறேன்.