வெறுந்தொட்டியும் புது முழங்காலும்

போன வருடம் என் மனைவியின் வலது முழங்காலை மாற்றினார்கள். புது முழங்கால் வந்ததும் கோயிலுக்குத்தான் முதலில் போகக் கேட்பாள் என்று நினைத்திருந்தேன். அவளோ பிளிண்டர்ஸ் மலைகளுக்குப் போகவேண்டும் என்றாள். அங்கே பாலை நிலத்துச் சிவப்புப் பாறைகளுக்கிடையே ஒரு மலையிடுக்கு இருக்கிறதாம், அதன் கடைசிவரை நடக்கவேண்டுமாம். அதற்காக எங்கள் மல்கிரேவ் வீட்டுப் படிகளில் மாதக்கணக்காக ஏறி இறங்கினாள். நான் கதிரையில் இருந்தபடி "மெதுவா, மெதுவா" என்று உற்சாகப்படுத்தினேன். அதை அவள் உற்சாகமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

படுக்கை, குசினி, கழிப்பறை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஓடும் பெரிய வான் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். சிட்னி பென்டில் ஹில்லிலிருந்து அவளுடைய தம்பி, அதாவது என் மச்சான், தன்னுடைய புது ஃபோர் வீல் டிரைவோடு வந்து சேர்ந்துகொண்டான். எந்த மலையும் ஏறும் என்று விற்கப்பட்ட அந்த வாகனம் அதுவரை ஏறிய ஆகப் பெரிய மேடு, பள்ளிக்கூட வாசல் வேகத்தடை. உள்ளே கால்விரிப்புகளில் மண் படக்கூடாது என்று என்னைச் சப்பாத்தைக் கழற்ற வைத்தான்.

வானைத் தந்த பெண், தொட்டித் தண்ணீர் எத்தனையோ நாளைக்குக் காணும் என்றாள். அது பாண் சாப்பிட்டுக் கடதாசியால் துடைக்கிறவர்களுக்குப் போட்ட கணக்கு. நாங்கள் அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை கழுவுகிறவர்கள். கழிப்பறைக் கடதாசியை ஓர் அலங்காரப் பொருளாக மதித்து, கையில் போத்தலோடு உள்ளே போகிறவர்கள். குளிக்காமல் அடுப்பைத் தொடாதவர்கள். இதெல்லாம் போதாதென்று, மலையடிவாரத்து முகாமுக்கு வந்து சேர்ந்த மாலை, மச்சான் வானின் குழாயில் வாளி வாளியாகப் பிடித்துத் தன் வாகனத்தைக் கழுவினான்.

"தம்பி, பாலைவனத்தில ஆரும் கார் கழுவுவினமோடா?"

"புழுதி பெயின்ரை அரிச்சுப்போடும், அக்கா."

மறுநாள் காலை அவள் தொப்பியும் சப்பாத்துமாகத் தயாராகி, போத்தல்களை நிரப்பக் குழாயைத் திறந்தாள். அது இரண்டு தரம் இருமிவிட்டு ஓய்ந்தது. முகாமில் தண்ணீர் இல்லை என்று வாசலிலேயே பலகை இருந்தது. நான் அதை வாசித்தேன். படமும் எடுத்தேன்.

மிஞ்சியிருந்தது ஒரு பிளாஸ்க் தேநீர். அடுத்த நாள் திரும்பவேண்டும். வெயில் ஏறிவிட்டால் அந்தப் பாறைகளுக்குள் யாரையும் நடக்கவேண்டாம் என்கிறார்கள். அவள் வானின் படியில் இருந்தாள். சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கவில்லை.

"பக்கத்துக் கரவன்காரியிட்டக் கேட்டா என்ன?" என்றாள். பக்கத்தில் நின்ற கரவன் வண்டிவீட்டு வாசலில் ஒரு வயதான வெள்ளைக்காரி தனியாக இருந்து முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாத ஆக்களிட்டத் தண்ணி கேக்கிறதோ? என்ன நினைப்பினம்?" என்று நானும் மச்சானும் ஒரே குரலில் சொன்னோம். எங்கள் இருவருக்கும் அபூர்வமாகவே கருத்து ஒத்துப்போகும். "நாங்கள் கடைக்கு ஓடிப்போய்க் கொண்டுவாறம். நீர் இரும், முழங்காலைக் கவனியும்," என்றேன் நான்.

பாலைத்திணையில் தலைவன் பொருள் தேடிப் பிரிவான். நான் குழாய்த் தண்ணீர் தேடிப் பிரிந்தேன்.

கடைக்கு ஒழுங்கான பாதை இருந்தது. மச்சான் காய்ந்த ஆற்றுப்படுகை வழியாக விட்டான். "இந்த வாகனம் இதுக்குத்தானே, அத்தான்!" ஆற்றின் நடுவில் மணல் எங்களைப் பிடித்துக்கொண்டது.

"மச்சான், ரயர்ல காத்தைக் கொஞ்சம் இறக்கினா ஏறும் எண்டு வாசிச்சனான்."

"ரயர் எண்டா கல்லு மாதிரி இருக்கோணும், அத்தான். இறக்கினா இஞ்ச ஆர் திருப்பி அடிச்சுத் தாறது? கங்காருவோ?"

அவன் மிதிக்க மிதிக்கச் சில்லுகள் தங்களுக்கே குழி வெட்டின. பாலைவனப் பயணிகளைப் பற்றி நான் ஓர் அலுமாரி நிறைய வாசித்தவன். வழி தவறினால் எந்த ஒட்டகத்தை முதலில் சாப்பிடவேண்டும் என்பது எனக்குத் தெரியும். எங்களிடம் ஒட்டகம் இருக்கவில்லை. கையால் மணலைத் தோண்டினோம். தோண்டத் தோண்ட அது நிதானமாகத் திரும்பி வந்தது. வெயில் முதுகில் ஏறியது.

மச்சான் திடீரென்று நிமிர்ந்தான். "அக்கா இன்னும் சப்பாத்தோட இருப்பா, என்ன?"

"ஓம்."

 அவன் குனிந்து ஒவ்வொரு ரயரிலும் காற்றைத் தானே இறக்கினான். பிறகு அந்தப் புனிதமான கால்விரிப்புகளை இழுத்தெடுத்துச் சில்லுகளுக்கு அடியில் செருகினான். நான் பின்னால் நின்று தள்ளினேன், அல்லது தள்ளுவதுபோல் சாய்ந்திருந்தேன். வாகனம் ஏறியது. என் வாய் நிறைய மணல்.

கடையில் பிளாஸ்டிக் கான்களில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு முகாமுக்குத் திரும்பியபோது உச்சி வெயில் தாண்டியிருந்தது. பாலைத்திணையில் தலைவி காத்திருப்பாள். இங்கே படி வெறுமையாக இருந்தது. கரவன்காரியையும் காணவில்லை.

ஒரு கானைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் ஓடினேன். "அத்தான், மெதுவா, மெதுவா!" என்று பின்னால் மச்சான் கத்தினான். அந்தச் சொல் எவ்வளவு எரிச்சலூட்டும் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

முதல் வளைவிலேயே அவர்கள் எதிரே வந்தார்கள். இருவருக்கும் முழங்கால்வரை செம்மண். வெள்ளைக்காரியின் ஊன்றுகோல்களில் ஒன்று என் மனைவியின் கையில்.

"போய்க் கேட்டனான், உடனே தண்ணி தந்தவ," என்றாள் மனைவி. "தானும் வாறன் எண்டு வந்தவ."

"கடைசிவரைக்கும் போனனீரோ?"

"கடைசிவரைக்கும். அங்க பாறைக்குள்ள ஒரு சுனை. தொட்டுப் பாத்தனான், ஐஸ் மாதிரி."

"முழங்கால் என்ன சொல்லுது?"

"அது ஒண்டும் சொல்லேல்லை. பக்கத்தில நீங்கள் இல்லாததால, வேற ஆரும் ஒண்டும் சொல்லேல்லை."

வெள்ளைக்காரிக்குத் தமிழ் விளங்காது. ஆனாலும் சரியான இடத்தில் சிரித்தாள்.

வானுக்கு வந்ததும் மனைவி படியில் இருந்துகொண்டு சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தாள். நான் கானைச் சரித்து அவள் கால்களில் தண்ணீர் ஊற்றினேன். சிவப்பாக ஓடியது. மச்சான் ஒருமுறை புழுதி மூடிய தன் வாகனத்தைப் பார்த்தான், ஒருமுறை கானைப் பார்த்தான். பிறகு அடுத்த கானைத் தூக்கிவந்து என் பக்கத்தில் வைத்தான்.

"காணும், காணும்," என்றாள்.

நான் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.